வா, வாங்க

எங்கள் லயத்தில் யாரும் கதவைத் தட்டி நான் கேட்டதில்லை. தட்டுவதற்குக் கதவு சாத்தியிருக்க வேண்டுமே. விடியற்காலை வேலைக்குக் கூப்பிடுகிற பெரட்டுத் தப்பு அடித்ததும் திறக்கிற கதவு, ராத்திரி குப்பி லாம்பை ஊதுகிறபோதுதான் மூடும். அதனால் வருகிறவர் தாம் வருவதைத் தொண்டையால்தான் சொல்ல வேண்டும். இஸ்தோப்புத் திண்ணைக்கு நாலடி தூரத்திலேயே ஒரு செருமல். உள்ளே சேலை மாற்றுகிறவள் மூலைக்கு ஒதுங்கவும், புருசன் பெண்சாதிச் சண்டை குரல் தணியவும், அடுப்பில் கிடக்கும் கடைசி ரொட்டியை என்ன செய்வதென்று அம்மா முடிவெடுக்கவும் அந்த நாலடி போதும். செருமாமல் வந்து நிற்கிறவனைப் பற்றி அப்பாயி ஒரே வார்த்தைதான் சொல்லும்: "பூனை."

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து நோர்வூட் போகிற பாதையில் டிக்கோயாவைத் தாண்டி மேலே ஏறினால் வருகிற மலைகளில் ஒன்றில் எங்கள் தேயிலைத் தோட்டம். 1958இல் நான் பிறந்தது வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா கொண்ட லயத்தில், தொங்கலுக்கு அடுத்த காம்பராவில். பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் எட்டுப் பேர். காம்பராக்களுக்கு நடுவிலிருந்த சுவர் கூரைவரை எட்டாது. தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் கிடந்த சந்து வழியாக அடுத்த வீட்டுப் புகை நம் வீட்டுக்கு வரும். நம் வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கே கருவாடு சுட்டால் இங்கே வாயூறும்.

இப்படிப்பட்ட இடத்தில் மனிதர்கள் நூறு வருசம் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளாமல் எப்படி வாழ்ந்தார்கள் என்று பிற்காலத்தில் யோசித்தபோது, செருமலின் அண்ணன் ஒருவன் இருந்தது புரிந்தது. கேட்டும் கேட்காமல் இருப்பது. ராத்திரி பக்கத்துக் காம்பராவில் நடந்தது காலையில் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த வீட்டுப் பெண் குடத்தோடு வரும்போது, "என்னா மதினி, நேத்து ஒங்க மலையில கொழுந்து எப்புடி?" என்றுதான் பேச்சு தொடங்கும். அவளாக வாயைத் திறந்தால் ஒழிய யாரும் தொட மாட்டார்கள். சுவர் தராத மறைவை நாக்கு தந்தது.

இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போய்விடலாம். ஆனால் அந்தக் கேளாச் செவிக்குள் எத்தனை பெண்கள் அடி வாங்கினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தொங்கல் காம்பராவில் இருந்த ஒரு பெண் அழுத அழுகையைப் பன்னிரண்டு வீடும் கேட்டது. பன்னிரண்டு வீடும் மரியாதையாக இருந்தது.

எங்களிடம் வணக்கம் கிடையாது. வணக்கம் என்பது பள்ளிக்கூடத்து மாஸ்டருக்கும் சங்கத்து மேடைக்கும் உரியது. எங்களுக்குள் முகமன் என்பது ஒரு கேள்வி. "வேலையா?" "சாப்பாடு ஆச்சா?" "தேத்தண்ணி குடிச்சாச்சா?" மலைக்கு ஏறுகிறவளைப் பார்த்து, கூடையும் படங்கும் கண்முன் இருக்கையிலேயே, "வேலைக்கா?" என்று கேட்பார்கள். பதில் தெரிந்த கேள்வியைக் கேட்பதுதான் அதன் அழகு. உன்னைப் பார்த்துவிட்டேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

வந்தவரிடம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்பது மகா தப்பு. முதலில் உட்காரப் பலகை. பிறகு செம்பில் தண்ணீர். அதற்கப்புறம் சாயத்தண்ணி. கப்பு காலியாகிறவரை மழை, மாடு, கோயில் திருவிழா என்று பேச்சு சுற்றும். பத்து ரூபாய் கடன் கேட்க வந்தவர் அந்தத் தேத்தண்ணியின் நிறத்தைப் பார்த்தே வீட்டு நிலவரத்தைக் கணித்து, கேட்காமலே எழுந்து போனதும் உண்டு. நாங்கள் குடித்தது தூள் சலித்து மிஞ்சிய தூசித் தேயிலை. நல்லது கொழும்பு ஏலத்துக்குப் போய் அங்கிருந்து கப்பல் ஏறிவிடும். சீனி தேத்தண்ணிக்குள் விழாது, உள்ளங்கையில்தான் விழும். நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். சீனி குறைவாக இருக்கிற நாளில் அம்மா விருந்தாளியின் கையில் மட்டும் வைத்துவிட்டு, "எங்களுக்குச் சீனி ஒத்துக்கிறதில்ல" என்பாள். வந்தவரும் அவர் வீட்டில் அதே பொய்யைச் சொல்லியிருப்பவர்தான். "ஆமா, சீனி ஒடம்புக்கு ஆகாது" என்று ஒத்துப் பாடுவார்.

நன்றியும் கிடையாது. 1984இல் நான் ஆசிரியராகிக் கண்டிக்குப் போய், ஒரு வருசம் கழித்து விடுமுறையில் வந்தபோது, எதிர் லயத்துக் கிழவி ஒருத்தி பலாக்கொட்டை வறுத்துக் கொண்டுவந்தாள். பழக்கதோசத்தில் "தேங்ஸ்" என்றுவிட்டேன். கிழவியின் முகம் சுருங்கிவிட்டது. "என்னாடா தம்பி, கணக்குத் தீக்குறியா? நான் என்னா கடையா வச்சிருக்கேன்?" நன்றி சொன்னால் கொடுக்கல் வாங்கல் அத்தோடு முடிந்தது. சொல்லாமல் வைத்திருந்தால் அது பாக்கி. எங்கள் லயம் அப்படிப்பட்ட தீராத பாக்கிகளால் கட்டியது.

இதெல்லாம் ஒரு மரியாதை. இன்னொன்றும் இருந்தது. அதற்கும் பெயர் மரியாதைதான், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தோட்டத்தை நடத்துகிற துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் மூன்று வளைவுக்கு அப்பாலேயே கேட்கும். கேட்டவுடன் ரோட்டில் நடக்கிற ஆள் ஓரத்து வடிகான் பக்கம் இறங்கிவிட வேண்டும். தலைத்துண்டு இடுப்புக்கோ கக்கத்துக்கோ வரும். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும். மழை பெய்தாலும் மடக்க வேண்டும். "சலாங்க" என்று ஒரு கை நெற்றிக்குப் போகும். துரை தலையசைத்தால் அன்றைக்கு நல்ல நாள். என் சின்ன வயதில் எங்கள் தோட்டத்துத் துரை வெள்ளைக்காரர் அல்ல, இந்த நாட்டுக்காரர்தான். ஆனால் தொப்பியும் காலுறையும் பங்களாவும் சலாமும் வெள்ளைக்காரனிடமிருந்து அப்படியே கைமாறியிருந்தன. ஹட்டன் பக்கம் மழை எப்படிப் பெய்யும் என்று அங்கே ஒரு தென்மேற்குப் பருவம் இருந்தவருக்குத் தெரியும். அந்த மழையில் கான் ஓரத்தில் மடக்கிய குடையோடு நனைகிற தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் நனைந்திருக்கிறேன். துரை போனபிறகும் தாத்தா உடனே குடையை விரிக்க மாட்டார். சத்தம் அடுத்த வளைவைத் தாண்ட வேண்டும்.

ஏன் தாத்தா என்று கேட்டதற்கு, "மரியாதைடா" என்றார். அதே வாயால்தான், அதே வார்த்தையால்தான், வீட்டுக்கு வந்த சின்ன மாமாவுக்குப் பலகை எடுத்துப் போடவும் சொல்லிக் கொடுத்தார்.

தாத்தாவின் மரியாதைக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை நான் புத்தகம் படிக்கிற வயதில்தான் தெரிந்துகொண்டேன். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், வேலைக்காரர் செய்யக்கூடிய குற்றங்களை அடுக்குகிறபோது குடிவெறி, சொல் கேளாமை இவற்றோடு துடுக்கையும் ஒரு குற்றமாக வைத்திருந்தது. வாய்த்துடுக்குக்குக் கூலி பிடிக்கலாம், தண்டம் போடலாம், மறியலுக்கும் அனுப்பலாம். 1920களின் தொடக்கத்தில்தான் தோட்டத் தொழிலாளர் தலைமேலிருந்து அந்த மறியல் நீங்கியது. தாத்தா கூடை தூக்கத் தொடங்கிய வயதில் அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. குனியாவிட்டால் சிறை என்று இருந்த இடத்தில், குனிந்த ஒருவர் மரியாதைக்குக் குனிந்தாரா பயத்துக்குக் குனிந்தாரா என்று அவராலேயே பிரித்துச் சொல்லியிருக்க முடியுமா?

இன்னொரு புத்தகம். தோட்டத்துக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரச் சின்னத் துரைமார் தமிழ் படிக்கவென்று 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் அச்சாகிப் பல பதிப்புக் கண்ட கைப்புத்தகம் அது. அதன் பெயரே 'இங்கே வா'. 'வாங்க' என்று ஒரு சொல் தமிழில் இருப்பது சின்னத் துரைக்குத் தேவைப்படவில்லை. பின்னாளில் 1915இல் வந்த இன்னொரு பாடப்புத்தகத்தின் பெயர் 'கூலித் தமிழ்'. எங்கள் அப்பாயி பேசியது கூலித் தமிழாம். யாரைப் பற்றியும் "அவுக", "இவுக" என்றில்லாமல் பேசாத, அப்பாவை நாங்கள் 'வா போ' என்றால் வாயில் சூடு வைப்பேன் என்ற அப்பாயி.

இரண்டே எழுத்துத்தான். 'ங்க'. அதற்காகத்தான் எங்கள் ஊரில் முக்கால்வாசிச் சண்டை நடந்தது என்று இப்போது படுகிறது. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் தொடங்கி, அவர் மனைவி மீனாட்சியம்மை கூட்டங்களில் பாட்டுப் பாடி ஆட்களைத் திரட்டியதைத் தாத்தா சொல்வார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் விழுந்ததைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். கூலிக்காகத்தான் அந்தப் போராட்டங்கள். ஆனால் தாத்தா சொல்கிற விதத்தில் கூலிக் கணக்கு இரண்டாவதாகத்தான் வரும். "அய்யரு மேடையில நின்னு 'சகோதரர்களே, வாருங்கள்'னாருடா. எங்களப் பாத்து வாருங்கள்னு சொன்ன மொத ஆளு."

பின்னாளில் அப்பா தோட்டத்துச் சங்கத் தலைவர் ஆனார். ஆபிசு ஜன்னலுக்கு வெளியே நின்று பேசுவதுதான் அதுவரை வழக்கம். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபிறகு புதிதாக வந்த துரை, ஏதோ ஒரு பிரச்சினைக்குப் போன அப்பாவை உள்ளே கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். நானும் கூடப் போயிருந்தேன். அப்பா உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றபடியே பேசிவிட்டு வந்தார். திரும்பும் வழியில் எனக்கு அவமானமாக இருந்தது. பதினெட்டு வயது. "உக்காரச் சொன்னாருல்ல, ஏன் உக்காரல?" என்றேன். அப்பா கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். "உக்காந்தா எந்திரிக்கிறப்பக் கும்புடத் தோணும்டா. நின்னுக்கிட்டே இருந்தா அப்புடியே திரும்பி வந்துறலாம்."

அது பயமா, வீம்பா, நாற்காலிப் பழக்கமில்லாத கூச்சமா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மூன்றும் இருந்திருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே போனால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். எங்கள் தோட்டத்து டோபிக்கு அப்போது அறுபது வயதிருக்கும். திங்கட்கிழமை லயம் லயமாக வந்து உடுப்பு மூட்டை கட்டுவார். எட்டு வயதில் நான் அவரை, "டோபி, நாளைக்கு வா" என்பேன். "சரிங்க தம்பி, வாரேங்க" என்பார். இஸ்தோப்புப் படிக்குக் கீழேயே நிற்பார். அவருக்கென்று தேங்காய்ச் சிரட்டை ஒன்று சுவரில் செருகியிருக்கும், அதில்தான் தேத்தண்ணி. அப்பாவை ஒருமையில் கூப்பிட்டால் வாயில் சூடு வைப்பதாகச் சொன்ன அப்பாயி அங்கேயேதான் இருக்கும். நடேசய்யர் 'வாருங்கள்' என்றதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்த தாத்தாவும் அங்கேயேதான் இருப்பார். ஒருவரும் என்னைத் திருத்தவில்லை. துரை எங்களுக்குத் தராத 'ங்க'வை நாங்கள் எங்கள் லயத்தின் கீழ்ப் படியில் பிடித்து வைத்திருந்தோம்.

பல வருசம் கழித்து, ஆசிரியர் பயிற்சிப் பட்டறை ஒன்றில் ஒரு இளைஞர் வந்து "வணக்கம் சேர், நீங்க எங்க தோட்டம்தானே" என்றார். பேச்சில் தெரிந்தது, அந்த டோபியின் பேரன். கணித ஆசிரியர். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. "தாத்தா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டேன். வாழ்நாளில் அவரைப் பற்றி நான் முதன்முதலாகப் பன்மையில் பேசியது அதுதான். "அவரு இறந்து பதினொரு வருசம் ஆச்சு சேர்" என்றார்.

எங்கள் மரியாதைகளில் எது மிகப் பெரியது என்று கேட்டால் நான் ஹட்டன் கோச்சி ஸ்டேசனைத்தான் சொல்வேன். 1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்து ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சமுள்ள ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. மாட்டுச் சந்தையில்கூட மாட்டைப் பிடித்துப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் என் சித்தப்பா குடும்பமும் அகப்பட்டது. எழுபதுகளின் கடைசியில் அவர்களுக்குப் போகிற நாள் வந்தது.

போவதற்கு முதல் நாள் ராத்திரி சித்தப்பாவும் சின்னம்மாவும் மூன்று லயத்துக்கும் காம்பரா காம்பராவாகப் போனார்கள். பேசாமல் இருந்த வீடுகளுக்கும் போனார்கள். தண்ணீர்ச் சண்டையில் ஆறு வருசம் முகம் பார்க்காமல் இருந்த ஒரு வீட்டின் முன்னால் நின்று சித்தப்பா செருமினார். உள்ளேயிருந்து, "வாங்க" என்ற சத்தம். அவ்வளவுதான், ஆறு வருசமும் போயிற்று. "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்று சின்னம்மா சொன்னது. ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது கொடுத்தார்கள். ஒரு சுண்டுத் தேயிலை, பாதி வெளுத்த ஒரு பொம்மை, பிள்ளைக்குப் போட்டுச் சின்னதாகிவிட்ட கம்பளிச் சட்டை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கடைசியாகச் சொன்னது ஒரே வாக்கியம்: "போயிட்டு வர்றோம்."

வரப்போவதில்லை என்பது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். ஆனாலும் 'போறோம்' என்று யாரும் சொல்லவில்லை. அது அபசகுனம். மறுநாள் ஸ்டேசனில் கோச்சி நகர்ந்தபோது ஜன்னலெல்லாம் கை. மேடையெல்லாம் ஒப்பாரி. அந்த அமளியிலும் சின்னம்மா கழுத்தை வெளியே நீட்டி, "போயிட்டு வர்றோம் மதினி, போயிட்டு வர்றோம்" என்றுதான் கத்திக்கொண்டு போனது. தலைமன்னார், அங்கிருந்து கப்பல், ராமேஸ்வரம், பிறகு நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் மறுபடியும் தேயிலை. முதல் கடிதத்தில் சித்தப்பா எழுதியிருந்தார், இங்கே ரயிலைக் கோச்சி என்றால் சிரிக்கிறார்கள், எங்களைச் சிலோன்காரன் என்கிறார்கள் என்று. இங்கே இருந்தவரை இந்தியாக்காரன். 1984இல் கப்பலும் நின்றது. அந்த வாக்கியத்தின் 'வர்றோம்' இன்னும் வரவில்லை.

இப்போது தோட்டத்தில் என் தங்கச்சி இருக்கிறாள். முப்பத்தைந்து வருசம் கொழுந்தெடுத்து ஓய்ந்தவள். லயத்தில் இல்லை. 7 பேர்ச் காணியில் இந்திய அரசின் திட்டத்தில் கிடைத்த தனி வீடு. 2017 மே மாதம் மோடி நோர்வூட்டுக்கு வந்து இன்னும் 10,000 வீடு தருவதாகச் சொன்ன கூட்டத்துக்குத் தங்கச்சியும் போயிருந்தாள். வீட்டுக்குச் சுவர் கூரைவரை இருக்கிறது, கேட்டு இருக்கிறது, கேட்டில் நாய் இருக்கிறது. குழாய் வீட்டுக்குள் வந்துவிட்டதால் பீலிக்கரை பாசி பிடித்துக் கிடக்கிறது. செருமுவதற்கு இப்போது வேலையில்லை. போன் பண்ணிவிட்டுத்தான் வருகிறார்கள், அல்லது நாய் சொல்லிவிடுகிறது.

தங்கச்சியின் குறையெல்லாம் பிள்ளைகள் பேரில். வந்தவர்களைப் பார்த்து எழுந்திருக்கிறதில்லை. போனில் கண் வைத்தபடி "ஆ, வாங்க" என்கிறார்கள். மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாம் சேர்ந்து ஒரே 'அங்கிள்' ஆகிவிட்டார்கள். அத்தைக்கும் சின்னம்மாவுக்கும் வித்தியாசமில்லாமல் 'ஆன்ட்டி'. கொழும்புக் கடையில் நிற்கிற பையன்கள் தீபாவளிக்கு வந்தால், முறைக்குத் தம்பி ஆகிறவனையும் சிங்களத்தில் மல்லி என்கிறார்கள், முறைக்கு மாமன் ஆகிறவனையும் மல்லி என்கிறார்கள். கேதம் சொல்ல ஆள் வருவதில்லை, போனில் படம் வருகிறது. படத்துக்குக் கீழே அழுகிற பொம்மை போட்டுவிட்டுப் பிள்ளைகள் அடுத்த வேலையைப் பார்க்கிறார்களாம். "நாம எந்திரிச்ச எந்திரிப்பு என்னா, இதுக ஒக்காந்திருக்கிற ஒக்காருவு என்னா" என்று தங்கச்சி அலுத்துக்கொள்கிறாள். நானும் தலையாட்டுவேன். முறைச்சொல் போனது எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. அங்கிள் என்று கூப்பிடுகிறவனுக்கு நான் பெண் கொடுக்கவும் முடியாது, அவனை ஒரு அறை அறையவும் முடியாது.

அவள் மகள், என் மருமகள், ஹட்டனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் இந்தப் புலம்பலுக்கு நடுவில் சொன்னாள்: "மாமா, அம்மா சொல்ற மரியாதையெல்லாம் நாங்க குனியிறதுலதான் இருக்கு."

"குனிஞ்சுதான்டி கொழுந்தெடுத்து ஒன்னய வளத்தேன்" என்றாள் தங்கச்சி.

இரண்டும் சரி. நாங்கள்தான் குழப்பிவிட்டோம். பலகை எடுத்துப் போடுவதையும் குடையை மடக்குவதையும் ஒரே பிரம்பால் அடித்து ஒரே பெயரில் சொல்லிக் கொடுத்தோம். பிள்ளைகள் கூடையைக் கவிழ்த்தபோது முற்றலோடு கொழுந்தும் போய்விட்டது. எது எது என்று பொறுக்கித் தர எங்களுக்கே தெரியாதபோது அவர்களை என்ன சொல்ல?

ஆனால் இதே தங்கச்சி, தன் மகள் இல்லாத நேரத்தில், ஒரு கதையை என்னிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறாள். தங்கச்சி வேலையிலிருந்த கடைசி வருசம். கொழுந்து மடுவத்தில் தராசுக்கு நிற்கிற பெண்களைப் புதிதாக வந்த ஒரு இளவட்ட உத்தியோகத்தர் "ஏய், இங்க வா" என்றிருக்கிறார். அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன மருமகள் முன்னால் போய், "தம்பி, இவங்கல்லாம் ஒங்க அம்மா வயசு. வாங்கன்னு சொன்னா தராசுல கொறையாது" என்றாளாம். மடுவமே கப்சிப். அந்தப் பையன் கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "வாங்கக்கா" என்றாராம். சொல்லும்போதெல்லாம் தங்கச்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். முடித்தபிறகு, "என்னா வாயி பாரு இவளுக்கு" என்று சேர்த்துக்கொள்வாள், நான் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்று.

2023இல், மலையகத்துக்கு ஆட்கள் வந்து 200 வருசம் ஆனதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். ஆதியில் கால்நடையாக வந்தவர்கள் வாந்திபேதியிலும் பசியிலும் விழுந்து செத்த பாதை. மருமகள் லீவு போட்டுவிட்டுக் கடைசிச் சில நாள் அவர்களோடு நடந்தாள். வந்து காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "யாருக்குடி இம்புட்டு நட?" என்றாள் தங்கச்சி. "செத்துப்போனவங்களுக்கும்மா. அவங்களுக்குக் கேதம் கேக்க யாரும் போகலைல்ல" என்றாள். எதிரே வந்தவர்களைப் பார்த்து எழுந்திருக்காத பிள்ளை.

போன ஆனி மாசம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகளின் மகனுக்கு ஒன்பது வயது. சாயங்காலம் கடைக்குப் பாண் வாங்க அவனோடு புறப்பட்டேன். பாதி வழியில் மழை. ஒரு குடை, இரண்டு பேர். பழைய ஸ்டோரைத் தாண்டி, தாத்தாவோடு நனைந்த அதே வளைவு. தார் போட்டிருக்கிறார்கள். கான் சிமெந்துக் கான் ஆகிவிட்டது. மேலேயிருந்து வண்டிச் சத்தம் கேட்டது. பிறகு வெளிச்சம். நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிவதற்குள் கால் கான் ஓரத்துக்கு இறங்கியிருந்தது. கை குடையை மடக்கிவிட்டிருந்தது.

மரக்கறி ஏற்றப் போகிற லொறி. டிரைவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பையன் தலையெல்லாம் ஈரமாக என்னை நிமிர்ந்து பார்த்தான். "கொடய ஏன் தாத்தா மடக்குனீங்க?"

சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. லொறிச் சத்தம் அடுத்த வளைவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவன் என் கையிலிருந்து குடையை வாங்கினான். கம்பி கொஞ்சம் துருப்பிடித்த குடை, ஒரு முறை முழங்காலில் தட்டிய பிறகுதான் விரிந்தது. எட்டாத உயரத்துக்குக் கையைத் தூக்கி என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, "வாங்க, பாண் முடிஞ்சிரும்" என்றான்.